கேட்டு எழுதிய ரத்தம்

டாக்டர் அகின்டே எழுந்து வந்து கைகுலுக்கினார். எதற்கென்று சிமிசோலாவுக்கு விளங்கவில்லை. கருமுட்டைகளை எடுத்து உறைய வைப்பதற்கு முன் செய்யும் பரிசோதனைகளின் முடிவைக் கேட்க வந்திருந்தாள். போன வாரம் ரத்தம் எடுத்தார்கள். மூன்று நாள் கழித்துக் கூப்பிட்டு மறுபடி எடுத்தார்கள். ஏதோ பெரிய வியாதிதான் என்று முடிவு செய்துகொண்டு, ஆலையில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காமல் வந்து உட்கார்ந்திருந்தாள்.

"படிவத்துல உங்க ஜீனோடைப் ஏ.எஸ்.னு எழுதியிருக்கீங்க மேடம். நீங்க ஏ.ஏ. ரெண்டு தடவை பாத்துட்டோம், சந்தேகமே இல்ல."

அவளுக்கு இது சந்தோஷச் செய்தி என்று அவர் எடுத்துக்கொண்டார். பின்னாளில் கரு உண்டாக்கும்போது ஒவ்வொரு கருவையும் தனியாகச் சோதிக்க வேண்டியிருக்கும் என்று போன முறை சொன்னாரே, அது இனித் தேவையில்லை, ஒரு செலவு மிச்சம் என்றார். சுவர் முழுக்க அந்த மருத்துவமனையில் உண்டான குழந்தைகளின் படங்கள். எல்லாம் வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தன.

லாகோஸில் ஒரு பையன் ஒரு பெண்ணிடம் சொந்த ஊர் எது என்று கேட்பதற்கு முன் ஜீனோடைப், அதாவது ரத்தத்தின் மரபணு வகை, என்ன என்று கேட்டுவிடுவான். ஏ.ஏ. என்றால் கவலையே இல்லை, யாரை வேண்டுமானாலும் கட்டலாம். ஏ.எஸ். என்றால் இன்னொரு ஏ.எஸ்.ஸைக் கட்டக் கூடாது. கட்டினால் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து, எஸ்.எஸ். ஆகப் பிறந்தால் அரிவாள் அணு நோய். அது என்ன செய்யும் என்பதை சிமிசோலாவுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவள் அண்ணன் ஜிடே எஸ்.எஸ். குளிர்காலத் தூசிக்காற்று தொடங்கினால் எலும்பெல்லாம் வலிக்கிறது என்று பாயில் கிடந்து கத்துவான். பதின்மூன்று வயதில் போய்விட்டான். அம்மாவை இன்றைக்கும் தெருவில் ஜிடே அம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். தலைப்பிள்ளையின் பெயர் தாயை விட்டுப் போவதில்லை, பிள்ளை போனாலும்.

அப்பாவும் அம்மாவும் ஏ.எஸ். சிமிசோலாவும் ஏ.எஸ். பள்ளிக்கூட அட்டையிலேயே அப்படித்தான் இருந்தது.

இருபத்தேழு வயதில் லான்ரேயைக் கட்டுவதாக இருந்தது. ஒரே சபை, ஒரே பாடகர் குழு. ஜீனோடைப் காகிதம் இரண்டையும் கொடுத்தால்தான் சபையின் திருமணக் குழு தேதி குறிக்கும். லான்ரேக்குத் தன்னுடையது என்னவென்றே தெரியாது. எங்கள் வீட்டில் யாருக்கும் அந்த நோய் வந்ததில்லை, நான் ஏ.ஏ.வாகத்தான் இருப்பேன் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். காகிதம் ஏ.எஸ். என்று வந்தது. அவளுடையதும் ஏ.எஸ். குழுத் தலைவி இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இந்தக் கல்யாணத்தை ஆசீர்வதிக்க இந்தச் சபையில் யாரும் வரமாட்டார்கள் என்றாள். சபை வாசலில் கார்கள் நிற்கும் இடத்தில் லான்ரே அழுதான். அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து ஜிடேயின் படத்தைப் பார்த்துக்கொண்டு, நாம் செய்தது சரிதான் என்று அம்மாவிடம் சொன்னாள்.

அதற்குப் பிறகு பதினொரு வருடம். ஒருவன் இரண்டாவது வாரத்தில் தானும் ஏ.எஸ். என்று சொல்லிவிட்டுப் போனான். ஏ.ஏ. ஒருவன் வந்தான், ஆனால் அவனுக்கு இபாடானில் ஏற்கெனவே ஒரு மனைவி இருந்தாள். மற்றவர்கள் கேட்பார்கள், இவள் சொல்வாள், அதோடு பேச்சு நின்றுவிடும். முப்பத்தெட்டு வயதில், புருஷன் எப்போது வந்தாலும் வரட்டும், முட்டையாவது இந்த வயதிலேயே நிற்கட்டும் என்று இங்கே வந்தாள்.

டாக்டரின் அறையை விட்டு வெளியே வந்து மருத்துவமனைப் படிக்கட்டில் உட்கார்ந்தாள். அவளுக்கு வேலை ஒரு மால்ட் பான ஆலையின் பரிசோதனைக் கூடத்தில். ஒரு தொட்டிச் சரக்கை வெளியே அனுப்ப வேண்டுமென்றால் மூன்று இடத்திலிருந்து மாதிரி எடுத்து மூன்று முறை பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவாள். கையெழுத்துப் போடமாட்டேன் என்று ஒரு நாள் முழுக்க லாரிகளை நிறுத்தி வைத்திருக்கிறாள். அவள் ரத்தத்தைக் குடித்தாலும் அவள் கையெழுத்தை வாங்க முடியாது என்று லாரி ஓட்டுநர்கள் சொல்வார்கள்.

அன்றைக்கே போகிற வழியில் வேறொரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் கொடுத்தாள். மறுநாள் மூன்றாவதாக ஒன்றில். இரண்டிலும் ஏ.ஏ.

அப்புறம்தான் யாபாவில் அந்தத் தையற்கடை மாடி நினைவுக்கு வந்தது. திருமணக் குழுவுக்குக் காகிதம் வாங்க அவள் போன இடம். அன்றைக்கு வெளிச்சத்தை எடுத்துவிட்டார்கள். ஊரில் கரண்ட் போனால் அப்படித்தான் சொல்வது. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. வரிசை படிக்கட்டு வரைக்கும் நின்றது. வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்த ஆள் அவள் விரலில் குத்தி, ஒரு சொட்டை வெள்ளைப் பீங்கான் ஓட்டில் வைத்து ரத்தப் பிரிவைப் பார்த்தான். பிறகு, ஜீனோடைப் தெரியுமா ஆன்ட்டி என்று கேட்டான். ஏ.எஸ். என்றாள். எழுதினான். முத்திரை குத்தினான். அதைப் பார்க்கிற இயந்திரம் மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள். வேதியியல் படித்தவள், கரண்ட் இல்லாமல் அந்த இயந்திரம் ஓடாது என்று தெரிந்தவள். ஆனால் தெரிந்த ஒன்றை எழுதிக் கொடுப்பதற்கு இயந்திரம் எதற்கு என்று நினைத்தாள். வெயிலுக்கு முன் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

சுருலேரேயில் இருக்கும் வீட்டில் அம்மாவும் அவளும் மட்டும்தான். சாயங்காலம் அம்மா அடுப்படியில் கிழங்கு மாவில் அமலாக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். முப்பது வருடம் ஆரம்பப் பள்ளியில் பாடம் நடத்தியவள். இன்றைக்கும் சபைத் துண்டறிக்கையில் எழுத்துப் பிழை இருந்தால் சிவப்பு மையில் சுழித்துப் போதகரிடம் திருப்பிக் கொடுப்பாள். சிமிசோலா மூன்று காகிதத்தையும் அடுப்புப் பக்கத்தில் வைத்தாள். அம்மா மூன்றையும் படித்தாள். தேதியையும் முத்திரையையும் கூடப் படித்தாள்.

"என் ரத்தத்த எப்ப பாத்தீங்க? எந்த ஆஸ்பத்திரியில?"

அம்மா துடுப்பைப் பானையிலிருந்து எடுக்காமலே நின்றாள்.

"அம்மா, கேக்கிறேன்ல."

"பாக்கல."

"அப்ப ஸ்கூல் அட்டையில?"

"நான்தான் எழுதினேன். அப்பா ஏ.எஸ்., நான் ஏ.எஸ். உனக்கு மட்டும் வேற எங்கேருந்துடி வரும்? ஜிடேக்கு நோய் வந்துச்சு, உனக்கு வரல. அப்ப நீ ஏ.எஸ். தானே. அப்படித்தான் நெனச்சேன்."

சிமிசோலாவுக்குச் சிரிப்பு வந்தது. கணக்கு அவ்வளவு எளிது. இரண்டு ஏ.எஸ்.ஸுக்குப் பிறக்கும் பிள்ளைகளில் நோயில்லாத மூன்று பேரில் ஒருவருக்கு ஏ.ஏ. வரும். பத்தாம் வகுப்புப் பிள்ளை கட்டம் போட்டுக் காட்டும். அவளே போட்டுக் காட்டியிருக்கிறாள், பரீட்சையில், முழு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறாள். அந்தக் கட்டத்துக்குள் தன்னை வைத்துப் பார்க்கத் தோன்றவே இல்லை.

"ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாக்கிறதுக்கு என்னம்மா?"

"ஜிடேக்கு நரம்பு கெடைக்காம கழுத்துல குத்தினாங்க. நீ அப்பப் பால் குடிக்கிற பிள்ளை. உன் கையிலயும் ஊசி ஏத்துறதப் பாக்க என்னால முடியல." அம்மா பானையை இறக்கினாள். அமலா கட்டி தட்டிப்போயிருந்தது. "எப்படியோ, கடவுள் இப்பவாவது காட்டிக் குடுத்துட்டாரே."

"அவர விடுங்க. அவரும் உங்ககிட்ட கேட்டுத்தான் எழுதியிருப்பாரு."

அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

ஊசிகள் தொடங்கின. தினமும் வயிற்றில் ஒன்று, நாள் போகப் போக இரண்டு. மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும். வீட்டுக் குளிர்பெட்டியை நம்ப முடியாது என்பதால் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில், ஈஸ்ட் புட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். வேலை முடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு சட்டையைத் தூக்கித் தானே போட்டுக்கொள்வாள். இரண்டு நாளைக்கு ஒரு தரம் ஸ்கேன். ஆன்ட்டி, அடுத்த தரம் வரும்போது வயிற்றில் கொஞ்சம் சதை வளர்த்துக்கொண்டு வாருங்கள், ஊசி முதுகு வழியாக வந்துவிடப் போகிறது என்று தாதிப் பெண் கேலி செய்தாள். ஸ்கேன் திரையில் கறுப்பாகச் சின்னச் சின்ன வட்டங்கள் தெரிந்தன. டாக்டர் எண்ணிக்கொண்டே வந்து ஐந்தில் நிறுத்தினார். அந்தப் பக்கம் திருப்பி, இந்தப் பக்கம் திருப்பி, மறுபடி எண்ணினார். ஐந்துதான். இருபத்தேழு வயதில் வந்திருந்தால் இருபது தெரியும் என்று அவர் சொல்லவில்லை. அதை அவளே படித்திருந்தாள்.

வீட்டில் அம்மா முழங்காலில் நின்று ஜெபம் செய்தாள். ஊசியை நான் போட்டுவிடுகிறேன் என்றாள். வேண்டாம் என்றாள் சிமிசோலா. முட்டை எடுக்கும் நாளில் துணைக்கு வருகிறேன் என்றாள். பார்க்கலாம் என்றாள் இவள். யாராவது ஒருவர் கூட வந்தாக வேண்டும் என்பது மருத்துவமனையின் விதி. உறைந்த முட்டை எத்தனை வருடம் இருக்கும், அப்புறம் அதை என்ன செய்வார்கள், புருஷன் கட்டாயம் கூட இருக்க வேண்டுமா என்றெல்லாம் அம்மா கேட்டாள். ஒரு ஆண் வந்து மருத்துவமனையில் விந்தைக் கொடுத்துவிட்டுப் போனால் போதும் என்று சிமிசோலா வெறுப்பாகச் சொன்னாள். அம்மா அதை மனதில் வைத்துக்கொண்டது அவளுக்குத் தெரியாது.

ஒன்பதாவது ஊசி போட்ட நாள், ஆலையிலிருந்து கிளம்பும்போது லான்ரே போனில் கூப்பிட்டான். பதினொரு வருடத்தில் முதல் தடவை. எண் மாறியிருந்தது, குரல் மாறவில்லை.

"சிமி, இன்னிக்கு உங்க அம்மா என் ஆபீசுக்கு வந்தாங்க."

சபைக்குக் கட்டும் லேஸ் துணியும் தலைக்கட்டும் கட்டிக்கொண்டு வந்து, வாசலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாளாம். உள்ளே விட்டதும் மூன்று காகிதத்தையும் அவன் மேசைமேல் பரப்பி வைத்துவிட்டுக் கேட்டாளாம். உன் மனைவிக்குத் தெரிய வேண்டாம், என் மகளைத் தொடக்கூட வேண்டாம், மருத்துவமனைக்கு ஒரு தரம் வந்து கொடுத்துவிட்டுப் போனால் போதும். கர்த்தர் கொடுக்க இருந்ததை நான் தட்டிவிட்டேன், நீ எடுத்துக் கொடு. இதைச் சொல்லும்போது அவன் குரல் தாழ்ந்தது. அவனுக்கு இரட்டைப் பிள்ளைகள், ஏழு வயது. மனைவி சபையில் ஞாயிறு வகுப்பு எடுக்கிறாள்.

சிமிசோலா பரிசோதனைக் கூடத்துக்குள் திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். காது சுட்டது. ஆனாலும், அவமானத்துக்கு அடியில், அவள் எதற்கோ காத்திருந்தாள். அவனுக்குத் தெரிந்துவிட்டது. இனி அவன் என்ன சொல்வான் என்பதைக் கேட்க வேண்டியிருந்தது. அந்தக் காகிதம் பொய், அப்படியென்றால் நாம், என்று தொடங்கும் ஏதோ ஒன்று. அதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. கேட்டுக்கொள்ள மட்டும் வேண்டும்.

"நான் ஒண்ணு சொல்லணும். சொல்லாமலே விட்டுருப்பேன். உங்க அம்மா இன்னிக்கு என் கால்ல விழப் பாத்தாங்க. அதனால சொல்றேன்."

"சொல்லு."

"அன்னிக்கு சபை வாசல்ல அழுதேன்ல, அது நெஜம்தான். ஆனா அன்னிக்கு ராத்திரி நல்லாத் தூங்கினேன். மூணு மாசமா தூக்கமே இல்லாம இருந்தேன், சிமி. உன்கிட்ட வேண்டாம்னு எப்படிச் சொல்றதுன்னு தெரியல. காகிதம் வந்து சொல்லிருச்சு."

அவள் ஈஸ்ட் புட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூடியில் அவளே எழுதி ஒட்டிய தேதிகள்.

"வேற யாராவது இருந்தாளா?"

"இல்ல. யாரும் இல்ல. நீ எதுலயும் தப்பே பண்ணாத மாதிரி இருப்ப. எனக்குப் பயமா இருந்துச்சு. அம்மாகிட்ட சொல்லு. அவங்க எழுதினது உன்கிட்டேருந்து என்னை எடுக்கல. நான் அதுக்கு முன்னாடியே போயிட்டேன்."

பிறகு, முட்டை விஷயம் நல்லபடி முடிய வேண்டும் என்றான். ஒரு சொந்தக்காரன் சொல்வது போலச் சொன்னான். வைத்துவிட்டான்.

அன்றைக்கு அவள் வெகுநேரம் அங்கேயே நின்றாள். அவன் சொன்னது உண்மையாக இருக்கலாம். அல்லது ஒரு கிழவி மறுபடி வந்து வாசலில் உட்காரக் கூடாது என்பதற்காகச் சொல்லியிருக்கலாம். அல்லது இவள் வருத்தத்தைக் குறைப்பதாக நினைத்து, நல்ல மனதோடு, ஒரு பொய்யைத் தேடி எடுத்துக் கொடுத்திருக்கலாம். மூன்றுக்கும் நிறமும் மணமும் ஒன்றாகத்தான் இருந்தன. எந்த மாதிரியை எடுத்து எந்த இயந்திரத்தில் விட்டாலும் தெரியாது. ஆனால் ஒன்று தெரிந்தது. பதினொரு வருடமாக அவளிடம் இருந்த ஒரே சொத்து, தன்னை ஒருவன் விரும்பினான், ரத்தம்தான் குறுக்கே வந்தது என்பது. முதலில் ரத்தம் போயிற்று. இப்போது மற்றதும்.

வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் லான்ரே கூப்பிட்டான் என்று மட்டும் சொன்னாள். அம்மா முகத்தைப் பார்க்காமல் துணி மடித்தாள். அவன் மாட்டேன் என்றுவிட்டான், இனிமேல் அங்கே போகாதீர்கள் என்றாள். அம்மா தலையை ஆட்டினாள்.

முட்டை எடுக்கும் நாள் காலையில் அம்மாதான் துணைக்கு வந்தாள். வேறு யாரையும் கூப்பிட சிமிசோலாவுக்கு மனமில்லை. அறுவை அறைக்குள் பச்சைத் தொப்பி போட்ட இளைஞன் ஒருவன் அட்டையும் பேனாவுமாக வந்து நின்றான். குழாயில் ஒட்டுவதற்கான சீட்டு. பெயர் கேட்டான், சொன்னாள். பிறந்த தேதி கேட்டான், சொன்னாள்.

"ஜீனோடைப், ஆன்ட்டி?"

"என்னக் கேக்காத. காகிதத்தப் பாத்து எழுது."

காகிதம் வெளியே கோப்பில் இருக்கிறது, நீங்கள் சொன்னாலே போதும் என்றான். படுத்திருந்த அறுவை மேசையில் அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். மயக்க மருந்து கொடுக்கிறவர் ஊசியோடு காத்திருந்தார். கோப்பைக் கொண்டு வந்து, அவன் படித்து, எழுதி, எழுதியதை அவளிடம் காட்டிய பிறகுதான் படுத்தாள். இப்படி ஒரு ஆளைப் பார்த்ததில்லை என்று அவன் யாரிடமோ முணுமுணுத்தது கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

ஐந்து எடுத்தார்கள். இரண்டு முதிரவில்லை. மூன்றை உறைய வைத்தாயிற்று என்று டாக்டர் அகின்டே வந்து சொன்னார். இந்த முறை கைகுலுக்கவில்லை. மூன்று என்பது ஒன்றுமில்லை என்று சொல்ல முடியாது, ஆனால் போதும் என்றும் சொல்ல முடியாது. உருக்கும்போது ஒன்று போகலாம், கருவாகாமல் ஒன்று போகலாம். இரண்டு மாதம் விட்டு இன்னொரு முறை எடுத்துப் பார்க்கலாம், ஆனால் இதைவிட அதிகமாகக் கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். அவள் யோசிக்கிறேன் என்றாள்.

வாடகைக் காரில் பின்னால் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். மேம்பாலத்துக்குக் கீழே வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. தண்ணீர்ப் பை விற்கிறவர்களும் பொரித்த வாழைக்காய் விற்கிறவர்களும் கண்ணாடியைத் தட்டிக்கொண்டு போனார்கள். சிமிசோலாவுக்கு அடிவயிறு கனத்துக் கிடந்தது. கண்ணை மூடியிருந்தாள்.

"மூணுதானா?" என்றாள் அம்மா.

"மூணுதான்."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தலைக்கட்டு அவிழ்ந்து தோளில் தொங்கியது. அதை அவள் சரி செய்யவில்லை. பிறகு, ஓட்டுநருக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

"நான் அத எழுதாம இருந்திருந்தா, இந்நேரம் உனக்கு பத்து வயசுல ஒரு பிள்ளை இருந்திருக்கும். லான்ரே ஜாடையில."

சிமிசோலா கண்ணைத் திறந்தாள். அம்மாவின் கை மடியில் கிடந்தது. நகக்கண்ணில் இன்னும் சிவப்பு மை இருந்தது. இல்லை அம்மா, அவன் அதற்கு முன்பே போய்விட்டான், நீங்கள் எழுதியதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்லச் சொல்லித்தான் அவனும் கொடுத்தனுப்பியிருந்தான். சொன்னால் இந்தக் கிழவி இன்றைக்கு ராத்திரி தூங்குவாள்.

வாய் வரைக்கும் வந்தது.

"ஆமாம்மா," என்றாள். "இருந்திருக்கும்."